ஒரே கோப்பு, நான்கு கணினிகள்

கணினி மையத்தில் டேலி கற்றுக்கொடுப்பவர் ஒருவர், பாடங்களைக் கணினித் திரையிலிருந்தே வீடியோவாகப் பதிவுசெய்கிறார். பதிவு மென்பொருளில் இருப்பதிலேயே உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்து, பென் டிரைவில் ஏற்றி, நான்கு மாணவர்களிடம் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் மாணவரின் வீட்டில் பாடம் ஒழுங்காக ஓடுகிறது. இரண்டாமவருக்குக் குரல் கேட்கிறது. திரை மட்டும் கறுப்பு. மூன்றாமவருக்குப் படமும் வருகிறது, ஆனால் விக்கி விக்கி வருகிறது. குரல் முன்னே போய்விட, மவுஸ் அம்பு பின்னால் இழுபடுகிறது. நான்காமவருக்கோ ‘இந்தக் கோப்பைத் திறக்க முடியவில்லை’ என்ற அறிவிப்போடு சரி. போட்டோ அனுப்பினால் இத்தனை வம்பு வருவதில்லை. பாட்டு அனுப்பினாலும் வருவதில்லை. வீடியோவுக்கு மட்டும் ஏன்?

பழி முதலில் பென் டிரைவின் மேல்தான் விழும். நகல் முடிவதற்குள் பிடுங்கியிருப்பார்கள், பாதிதான் ஏறியிருக்கும் என்போம். நடக்கக்கூடியதுதான், ஆகவே அதைத்தான் முதலில் சோதித்து ஒதுக்க வேண்டும். இரண்டு இடத்திலும் கோப்பின் அளவு ஒன்றாக இருப்பது போதாது. நடுவில் ஒரு பகுதி கெட்டிருந்தாலும் அளவு மாறாமல் இருக்கலாம். இதற்கென்றே செக்சம் என்றொரு கணக்கு உண்டு. சரிபார்ப்பு எண் எனலாம். ஷா-256 என்ற முறை, கோப்பிலுள்ள ஒவ்வொரு பிட்டையும் கணக்கில் எடுத்துக்கொண்டு கடைசியில் 64 எழுத்துள்ள ஒரு வரியைத் தருகிறது. கோப்பு 5 கிலோபைட் ஆனாலும் 5 ஜிகாபைட் ஆனாலும் அதே 64 எழுத்துதான். உள்ளே ஒரே ஒரு பிட் புரண்டாலும் வரி முழுவதும் வேறாகிவிடும். விண்டோஸிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது. 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக்கிலேயே கிடைக்கும். நான்கு வீட்டிலும் ஒரே வரி வந்தால், நான்கு வீட்டிலும் இருப்பது ஒரே கோப்பு. அப்படியானால் வேறுபாடு கோப்பில் இல்லை, அதைப் படிக்கிற இடத்தில் இருக்கிறது.

வீடியோவைப் ‘படிக்க’ வேண்டியிருக்கிறதா? காட்டினால் போதாதா? ஒரு சின்னக் கணக்குப் போட்டால் காரணம் புரியும். முழு எச்டி திரையில் குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 என்று மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று பைட் வேண்டும். ஆக ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு ஃபிரேமுக்கு, 62 லட்சம் பைட். நொடிக்கு 30 சட்டகம் என்றால் ஏறத்தாழ 19 கோடி பைட். பத்து நிமிடப் பாடத்தை அப்படியே எழுதிவைத்தால் 112 ஜிகாபைட் ஆகும். 4.7 ஜிகாபைட் கொள்ளும் டிவிடியில் 25 நொடிக்குத்தான் இடம் இருக்கும். நடைமுறையில் அதே பத்து நிமிடத் திரைப்பாடம் 75 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடுகிறது. சுமார் 1,500-ல் ஒரு பங்கு. மீதி எங்கே போனது?

கோல நோட்டைப் புரட்டினால் விடை கிடைக்கும். ‘15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி’ என்று ஒரு வரி எழுதியிருக்கும். தெரிந்தவர் நடுவரிசையில் 15 புள்ளி வைத்து, மேலேயும் கீழேயும் ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போய் எட்டில் நிறுத்துவார். வாசலில் 15 வரிசை, 169 புள்ளி விழுந்திருக்கும். நோட்டில் அந்த 169 புள்ளிகள் இல்லை. அவற்றை வைக்கும் விதிதான் இருக்கிறது. இடைப்புள்ளி என்றால் என்ன என்று தெரியாதவர் கையில் கொடுத்தால் அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. நோட்டு கிழியவில்லை, எழுத்தும் அழியவில்லை. படிக்கிறவருக்கு முறை தெரியவில்லை, அவ்வளவுதான்.

வீடியோக் கோப்பும் விதிகளின் தொகுப்புதான். சட்டகத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ‘இந்தக் கட்டத்தில் முந்தைய சட்டகத்தில் இருந்ததையே வை’, ‘இதை மூன்று புள்ளி வலப்பக்கம் தள்ளி வை’, ‘இங்கே மட்டும் புதிதாக இதை வரை’ என்று எழுதிக்கொண்டே போகிறது. டேலித் திரையில் பெரும்பாலான நேரம் அசைவது மவுஸ் அம்பு ஒன்றுதான். ஆகவே ‘முன்பு இருந்தபடியே’ என்ற கட்டளையிலேயே பாடத்தின் பெரும்பகுதி ஓடிவிடும். இப்படிச் சுருக்கி எழுதுவதையும் திரும்ப விரிப்பதையும் சேர்த்துக் கோடெக் என்கிறார்கள். சுருக்குகிற மென்பொருளைச் சுருக்கி என்றும், விரிக்கிறதை விரிப்பான் என்றும் இங்கே வைத்துக்கொள்வோம். சுருக்கி ஆசிரியரின் கணினியில் இருக்கிறது. விரிப்பான் மாணவரின் கணினியில் இருக்க வேண்டும். கோப்போடு சேர்ந்து அது போவதில்லை.

இன்று மிகப் பரவலாக இருக்கும் முறை எச்.264. ஐ.நா.வின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவும், ஐஎஸ்ஓ-ஐஇசி அமைப்புகளின் எம்பெக் குழுவும் சேர்ந்து 2003-ல் வெளியிட்ட தரம் அது. இந்தத் தரநூலில் ஒரு விசித்திரம் உண்டு. எப்படிச் சுருக்க வேண்டும் என்று அது சொல்வதே இல்லை. எப்படி விரிக்க வேண்டும் என்பதை மட்டும் இம்மி பிசகாமல் சொல்கிறது. சுருக்குகிறவர் எந்தத் தந்திரத்தை வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். எழுதிய விதிகள் தரத்துக்குள் அடங்கினால் போதும். விரிப்பானுக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. சோதனைக்கென்றே தயாரித்த மாதிரிக் கோப்புகளும், அவற்றிலிருந்து வர வேண்டிய படங்களும் வெளியிடப்பட்டிருக்கின்றன. விரிப்பானிலிருந்து வரும் படம் அந்தப் படத்தோடு பிட்டுக்குப் பிட் பொருந்த வேண்டும். இதற்கு முந்தைய எம்பெக்-2 முறையில் தசமக் கணக்கின் தோராயத்தால் விரிப்பானுக்கு விரிப்பான் நூலிழை வேறுபாடு வர இடம் இருந்தது. எச்.264-ல் முழு எண் கணக்கைக் கொண்டுவந்து அந்த இடத்தையும் அடைத்துவிட்டார்கள். தரத்துக்கு உட்பட்ட கோப்பு சென்னையிலும் சிங்கப்பூரிலும் ஒரே படமாகத்தான் விரியும் என்று துணிந்து சொல்ல முடிவது இதனால்தான்.

அப்படியானால் அந்த நான்கு வீடுகளில் என்ன நடந்தது? கோப்பின் பெயர் எம்பி4 என்று முடிகிறது. எல்லாரும் அதைப் பார்த்துத்தான் ‘எம்பி4 எல்லாக் கணினியிலும் ஓடுமே’ என்கிறார்கள். ஆனால் எம்பி4 என்பது கோடெக்கின் பெயரே இல்லை. படத்தையும் குரலையும் நேர அட்டவணையையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் அமைப்பின் பெயர், கொள்கலன் என்பார்கள். 1992-ல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஏவிஐ ஒரு கொள்கலன், 2002-ல் தொடங்கிய எம்கேவி இன்னொன்று. உள்ளே எந்த முறையில் சுருக்கிய படம் இருக்கிறது என்பது வேறு சங்கதி. பெயரின் வாலை மாற்றி எழுதினாலும் உள்ளே இருப்பது மாறாது. விஎல்சியில் வீடியோவை ஓடவிட்டுக் கன்ட்ரோல்-ஜே தட்டினால் ஒரு பட்டியல் வரும்: படத்துக்கு என்ன கோடெக், குரலுக்கு என்ன கோடெக், எத்தனைக்கு எத்தனை படப்புள்ளி, நொடிக்கு எத்தனை சட்டகம். நம் ஆசிரியரின் கோப்பைத் திறந்தால் குரல் ஏஏசி, படம் எச்.265, நொடிக்கு 60 சட்டகம்.

எச்.265 என்பது 2013-ல் வந்த அடுத்த தலைமுறை. எச்இவிசி என்றும் பெயர். அதே தரத்தைப் பாதி அளவில் தர வேண்டும் என்பது இலக்கு. அதற்கு விலையாக விரிக்கும் வேலை கூடியது. இப்போது நான்கு வீட்டுக் கதையும் புரியும். முதல் மாணவரின் கணினி புதியது, எச்.265-ஐ விரிக்கும் மின்சுற்று அதன் சில்லிலேயே இருக்கிறது. இரண்டாமவரிடம் இருப்பது விண்டோஸ் 10, அதில் எச்.265 விரிப்பான் தனியாக நிறுவ வேண்டிய துணைநிரல். கூடவே வரும் ஏஏசி விரிப்பான் குரலைக் கொடுத்துவிட்டது, படத்தைக் கொடுக்க ஆளில்லை. மூன்றாமவர் பழைய மடிக்கணினியில் விஎல்சி வைத்திருக்கிறார். விஎல்சி தனக்கு வேண்டிய விரிப்பான்களைத் தானே சுமந்து வருவது. ஆனால் சில்லின் துணை இல்லாமல் எல்லாக் கணக்கையும் மென்பொருளே போட வேண்டியிருக்கிறது, நொடிக்கு 60 சட்டகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. நான்காமவரின் விண்டோஸ் எக்ஸ்பியில் இருந்த பிளேயருக்கு எம்பி4 கொள்கலனையே திறக்கத் தெரியாது. விண்டோஸில் எம்பி4-ம் எச்.264-ம் கூடவே வரத் தொடங்கியது 2009-ன் விண்டோஸ் 7-லிருந்துதான்.

மூன்றாமவரின் சிக்கல் நாம் சொன்னதுதானா என்று ஊகிக்க வேண்டியதில்லை. வீடியோ ஓடும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்க்கலாம். விண்டோஸ் 10-ன் பிந்தைய பதிப்புகளிலிருந்து, ஜிபியு பகுதியில் ‘வீடியோ டிகோட்’ என்று தனி வரைபடம் இருக்கிறது. அது அசைந்தால் வேலை சில்லில் நடக்கிறது. அது தரையில் கிடக்க, சிபியு மட்டும் உச்சியைத் தொட்டால் மென்பொருள் மூச்சுத் திணறுகிறது என்று பொருள்.

விஷயம் தெரிந்த ஆசிரியர் இப்போது எச்.264-க்கு மாற்றிக் கொடுக்கிறார். இன்னும் சில பிளேயர்களில் கறுப்புத் திரைதான். இங்கேதான் திரைப்பதிவுக்கே உரிய கண்ணி இருக்கிறது. எச்.264 என்ற ஒரே பெயருக்குள் புரொஃபைல் எனப்படும் பல வகுப்புகள் உண்டு. பேஸ்லைன், மெயின், ஹை ஆகியவை எங்கும் புழங்குபவை. கணினித் திரையின் நிறத்தைத் துளியும் குறைக்காமல் பதிவதற்கு 4:4:4 என்ற வகுப்பு இருக்கிறது. சில மென்பொருள்கள், நாம் எதுவும் சொல்லாவிட்டால், திரைப்பதிவை இந்த வகுப்பிலேயே சுருக்கிவிடும். பெரும்பாலான சில்லுகளுக்கும் பல பிளேயர்களுக்கும் தெரிந்ததோ 4:2:0 மட்டுமே.

4:2:0 என்றால் என்ன? நம் கண் வெளிச்ச வேறுபாட்டை நுணுக்கமாகப் பார்க்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பார்க்காது. 1953-ல் அமெரிக்காவில் கலர் டிவிக்குத் தரம் வகுத்தவர்களே இதைப் பயன்படுத்தி, நிறத்துக்குக் குறைந்த இடம் ஒதுக்கினார்கள். 4:2:0-ல் ஒவ்வொரு படப்புள்ளிக்கும் வெளிச்சம் தனித்தனியாக எழுதப்படும். நிறமோ இரண்டுக்கு இரண்டு என்ற நான்கு புள்ளிக்கும் சேர்த்து ஒன்றுதான். எடுத்த எடுப்பிலேயே தரவு பாதியாகிவிடும். முகத்திலும் மரத்திலும் இந்த இழப்பு கண்ணில் படாது. திரைப்பாடத்தில் படும். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்தைப் பதிந்து பாருங்கள். எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். வெள்ளையில் கறுப்பெழுத்து கூர்மையாகவே இருக்கும், ஏனென்றால் அங்கே வேறுபாடு முழுவதும் வெளிச்சத்தில் இருக்கிறது. ஆகவே 4:4:4-க்குத் தாவ வேண்டாம். எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தை மாற்றினால் போதும். பத்து பிட் நிறத்துக்கும் இதே எச்சரிக்கை. எச்.264-ல் எட்டு பிட்டைத் தாண்டினால் பெரும்பாலான சில்லுகள் கைவிரித்துவிடும்.

படம் ஓடுவது வேறு, பாடமாகப் பயன்படுவது வேறு. சினிமாவை ஒரே மூச்சில் பார்ப்போம். பாடத்தை நிறுத்தி, பின்னால் இழுத்து, ‘எந்த மெனுவை அழுத்தினார்?’ என்று மறுபடி பார்ப்போம். எல்லாச் சட்டகமும் ‘முன்பு இருந்தபடியே’ என்றால், நடுவில் குதிக்கிறவருக்கு முன்பு என்ன இருந்தது என்று எப்படித் தெரியும்? அதற்காகவே இடையிடையே யாரையும் சாராத சட்டகம் ஒன்றை முழுதாக எழுதிவைக்கிறார்கள். முழுச்சட்டகம் எனலாம். எக்ஸ்264 என்ற புகழ்பெற்ற சுருக்கியை அதன் போக்கில் விட்டால், 250 சட்டகம் வரைக்கும்கூட ஒரு முழுச்சட்டகம் வராமல் போகலாம். நொடிக்கு 30 என்றால் எட்டு நொடிக்கு மேல். சினிமாவில் காட்சி மாறும்போதெல்லாம் சுருக்கி தானே ஒன்றைப் போட்டுவிடும். அசையாத டேலித் திரையில் காட்சி மாறுவதே இல்லை. மாணவர் ஐந்து நொடி பின்னால் இழுக்க, பிளேயர் வேறெங்கோ போய் நிற்பது இதனால்தான். இரண்டு நொடிக்கு ஒரு முழுச்சட்டகம் என்று அமைத்துவிட்டால் கோப்பு கொஞ்சம் பருக்கும். இழுத்த இடத்தில் நிற்கும்.

பதிவின்போது கரண்ட் போனால் நேரும் விபத்தும் கொள்கலனின் அமைப்பிலிருந்து வருவதே. எந்தச் சட்டகம் கோப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற அட்டவணை எம்பி4-க்குக் கட்டாயம். வழக்கமான எம்பி4-ல் பதிவு முடிந்த பிறகே அதை எழுத முடியும் என்பதால் அது கோப்பின் கடைசியில் உட்கார்ந்திருக்கும். ஒரு மணி நேரப் பதிவின் 59-வது நிமிடத்தில் மின்சாரம் போனால், படமெல்லாம் வட்டில் இருக்கும், அட்டவணை இருக்காது. பிளேயர் திறக்க மறுக்கும். எம்கேவி கொள்கலன் இந்த விஷயத்தில் தாராளம்; நின்ற இடம் வரை ஓடும். அதனால்தான் ஓபிஎஸ் போன்ற மென்பொருளில் எம்கேவியாகப் பதிந்துகொண்டு பிறகு எம்பி4-க்கு மாற்றுவது வழக்கம். மீண்டும் சுருக்காமல் கொள்கலனை மட்டும் மாற்றுவதால் தரம் குறையாது, நேரமும் ஆகாது. இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால், அப்படி மாற்றும்போதே அட்டவணையை முன்னால் கொண்டுவந்துவிடலாம். முழுதும் இறங்கக் காத்திராமல் படம் தொடங்கும்.

இத்தனையும் ஒரு திட்டத்தில் ஒன்றாகச் சந்தித்ததைப் பார்க்க வேண்டுமானால் ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலைப் பார்க்கலாம். வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா வழிநடத்தியது. லினக்ஸ், லிப்ரே ஆபீஸ், பைத்தான் போன்ற கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் பத்துப் பத்து நிமிடப் பாடங்களாகப் பிரித்து, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து, இணையம் இல்லாத கல்லூரிக்கும் சிடியில் அடக்கிக் கொடுக்கும்படி அமைத்தார்கள். மாணவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறுபாதியில் அதே மென்பொருளைத் திறந்து கூடவே செய்துபார்க்க வேண்டும் என்பது அவர்கள் முறை. இந்த ஏற்பாட்டில் வீடியோவுக்குக் கிடைப்பது பாதித் திரை, கணினியின் பாதி உழைப்பு. நொடிக்கு 60 சட்டகமெல்லாம் இங்கே வீண்.

அந்தப் பாடங்கள் நெடுங்காலம் ஓஜிவி கோப்புகளாகக் கிடைத்தன; ஆக் என்ற கொள்கலனில் தியோரா என்ற கோடெக். எச்.264-ன் பின்னால் காப்புரிமைக் கட்டணங்கள் உண்டு. ஆன்2 நிறுவனம் பொதுவுக்கு விட்டுக்கொடுத்த விபி3-லிருந்து ஸைஃப் அமைப்பு வளர்த்தெடுத்த தியோராவுக்கு அந்தத் தொல்லை இல்லை. கட்டற்ற மென்பொருளைக் கற்பிக்கிற திட்டத்துக்குப் பொருத்தமான தேர்வுதான். ஆனால் விண்டோஸின் சொந்த பிளேயரில் தியோரா விரிப்பான் நெடுநாள் இருக்கவில்லை. ஆப்பிளின் சஃபாரியிலும் இல்லை. ஃபயர்ஃபாக்ஸையோ விஎல்சியையோ நாட வேண்டியிருந்தது. 2023-ல் குரோமும் தியோராவைக் கைவிடப்போவதாக அறிவித்தது. யாருடைய அனுமதியும் வேண்டாத முறை என்பதாலேயே எல்லாரிடமும் இருக்கும் முறை ஆகிவிடாது. கட்டணமுள்ள எச்.264-ன் விரிப்பான் 20 ஆண்டுகளில் போன், டிவி, கணினி என்று எல்லாச் சில்லிலும் ஏறிவிட்டது. வீடியோ ஓடுமா என்பதைத் தீர்மானிப்பது கோடெக்கின் சிறப்பும் அல்ல, கொள்கையும் அல்ல. எத்தனை கணினியில் விரிப்பான் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான்.

ஆகவே பாடம் அனுப்புகிறவர் செய்ய வேண்டியது இது. கொள்கலன் எம்பி4. படம் எச்.264, மெயின் அல்லது ஹை வகுப்பு, 4:2:0, எட்டு பிட். குரல் ஏஏசி. அளவு 1,280-க்கு 720, நொடிக்கு 30 சட்டகம், அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் சீராக. இந்த அளவு எச்.264-ன் 3.1 என்ற படிநிலைக்குள் அடங்கும். எளிய சில்லுக்கும் சுமையில்லை. ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டக் கூடாது. பழைய பென் டிரைவ்களின் ஃபேட்32 முறையில் கோப்பின் நீளத்தை எழுத 32 பிட்தான் இடம் என்பதால், அதற்கு மேல் ஏறவே ஏறாது.

தமிழில் பாடம் நடத்துகிறவர்களுக்குக் கூடுதலாக இரண்டு. சப்டைட்டிலைத் தனிக் கோப்பாகக் கொடுத்தால் யூடிஎஃப்-8-ல் சேமிக்க வேண்டும். அப்போதும் பழைய பிளேயர் ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் இடம் மாற்றிப் போட்டுக் குழப்பலாம்; எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வேலை பிளேயரைச் சேர்ந்தது. முக்கியமான வரிகளைப் படத்திலேயே பதித்துவிடுவது பத்திரம். கோப்பின் பெயரையும் தமிழில் வைக்காமல் 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். ஜிப்பில் கட்டி அவிழ்க்கும்போது தமிழ்ப் பெயர் சில கணினிகளில் கிறுக்கலாகும். 1, 2 என்று மட்டும் எழுதினாலோ பல பிளேயர்கள் 1-க்குப் பிறகு 10-ஐ ஓட்டிவிடும்.

பென் டிரைவில் இடமிருந்தால், நிறுவாமலே ஓடும் விஎல்சியின் ஜிப் வடிவையும் சேர்த்துவிடலாம். கல்லூரி ஆய்வகக் கணினிகளில் புதிதாக எதையும் நிறுவ மாணவருக்கு உரிமை இருக்காது. சரிபார்ப்பு எண்கள் அடங்கிய சின்ன உரைக்கோப்பும் கூட இருக்கட்டும். பிறகு தெரிந்தவர்களிடம் இருப்பதிலேயே பழைய கணினியைத் தேடிப்பிடித்து அதில் ஓட்டிப் பார்க்க வேண்டும். புதிய கணினியில் ஓடுவது எதையும் நிரூபிப்பதில்லை.

இந்தப் பட்டியல் நிரந்தரமும் அல்ல. 2018-ல் வந்த ஏவி1 கட்டணமில்லாதது, எச்.265-க்கு ஈடானது, அதன் விரிப்பான் இப்போதுதான் சில்லுகளில் ஏறிக்கொண்டிருக்கிறது. பத்தாண்டு கழித்து எம்பி4-ம் எச்.264-ம் இருந்த இடத்தில் வேறு பெயர்கள் இருக்கலாம். சுருக்கியதையே திரும்பச் சுருக்கினால் ஒவ்வொரு முறையும் எழுத்து மங்கும். அதனால் மாணவருக்குக் கொடுத்த 75 மெகாபைட் கோப்பை மூலமாக நினைத்துவிடக் கூடாது. முதலில் பதிந்த பெரிய கோப்பை, வெட்டி ஒட்டிய திட்டக் கோப்போடு சேர்த்துத் தனி வட்டில் வைத்திருப்பவர், அன்றைக்கு எந்த விரிப்பான் எல்லார் வீட்டிலும் இருக்கிறதோ அதற்கு ஏற்ற நகலை ஒரே இரவில் எடுத்துக்கொள்வார்.